மீட்டர் மாறினால் கிலோமீட்டர் மாறுமா?

கார் மீட்டரைப் பற்றிய கடிதங்கள் மேசையில் சேர்ந்துகொண்டே போகின்றன. டிஸ்ப்ளே போய்விட்டது, போர்டை மாற்றிவிட்டோம், வண்டி உண்மையில் ஓடிய கிலோமீட்டரை இனி எப்படி நிரூபிப்பது? சுற்றிச் சுற்றி எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். ஆகவே இந்த இதழின் கேள்வி-பதில் முழுக்க மீட்டருக்கே.

திருப்பூர் வாசகர்: என் காரின் மீட்டர் போர்டு 78,412 கிலோமீட்டரில் செத்துவிட்டது. புதுசு போட்டார்கள். அதில் பூஜ்யத்திலிருந்து ஓடுகிறது. இப்போது என் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடிய கார்?

பழைய எண்ணோடு புது எண்ணைக் கூட்டிக்கொள்ளுங்கள். புது மீட்டர் இன்று 11,230 காட்டினால், கார் ஓடியது 89,642 கி.மீ. விற்கும்போதும், சர்வீஸுக்கு விடும்போதும், இன்ஷூரன்ஸ் சர்வேயர் கேட்கும்போதும் இந்த எண்ணைத்தான் சொல்ல வேண்டும்.

கூட்டல் எளிது, சான்றுதான் சிக்கல். உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். ஒரு பார்ட் நம்பர், ‘மீட்டர் அஸெம்பிளி – 1’, விலை, லேபர், ஜி.எஸ்.டி., அதற்குக் கீழே ஒரு கையெழுத்து. மீட்டர் மாற்றியது அதில் தெரியும். எந்த எண்ணில் மாற்றியது என்பது தெரியாது. அந்த ஒரு வரி இல்லாததால்தான் பின்னால் உங்கள் நேர்மையே சந்தேகத்துக்கு ஆளாகிறது. அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போய் இப்படி எழுதி வாங்குங்கள்: “இந்த வண்டியின் மீட்டர் போர்டு 14.06.2024 அன்று மாற்றப்பட்டது. பழைய மீட்டரில் 78,412 கி.மீ. புதிய மீட்டரின் தொடக்கம் 0.” வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர், பில் நம்பர், சீல், கையெழுத்து. நாள் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தாலும் தயங்காதீர்கள். அவர்களிடம் ஜாப் கார்டு இருக்கும். வண்டியை உள்ளே எடுக்கும்போதே கிலோமீட்டரை அதில் குறித்திருப்பார்கள்.

அதே வரியைச் சர்வீஸ் புத்தகத்திலும் எழுதச் சொல்லுங்கள். புத்தகம் காணாமல் போகலாம், பில்லில் மை மங்கலாம். ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும்.

கோவை வாசகி: பழைய எண்ணையே புது மீட்டரில் ஏற்ற முடியாதா?

பல கார்களில் முடியும். அதுதான் முதல் தேர்வாகவும் இருக்க வேண்டும்.

இன்றைய மீட்டரில் பல்சக்கரம் எதுவும் சுற்றுவதில்லை. போர்டில் இருக்கும் ஒரு சின்ன நினைவகச் சில்லில்தான் அந்த எண் உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம் அது. பல கார்களில் அதே எண்ணோ, அதற்கு நெருக்கமான எண்ணோ பாடி கன்ட்ரோல் மாட்யூலிலோ வேறு கணினியிலோ இன்னொரு பிரதியாகவும் இருக்கும். சில மாடல்களில் கம்பெனியின் டயக்னாஸ்டிக் கருவியை மாட்டி, புது மீட்டருக்கு உயிர் கொடுக்கும்போதே பழைய எண்ணையும் ஏற்றிவிடலாம். சிலவற்றில் போர்டு புதிதாக இருக்கும்போது ஒரே ஒரு தடவைதான் அதற்கு அனுமதி. சிலவற்றில் எண் பூஜ்யத்தில்தான் தொடங்கும், வேறு வழி கிடையாது.

அதனால் வண்டியை விடும் முன்பே சர்வீஸ் அட்வைசரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். போர்டை ரிப்பேர் செய்ய முடியுமா? மாற்றினால் பழைய எண் ஏறுமா? ஏறாவிட்டால் பில்லில் எழுதித் தருவீர்களா? ரிப்பேர் முடிகிற காரியம் என்றால் அதையே செய்யுங்கள். பின்விளக்கு போனது, சால்டர் விட்டது, டிஸ்ப்ளே ரிப்பன் கழன்றது போன்ற கோளாறுகளுக்கு நினைவகச் சில்லைத் தொட வேண்டியதில்லை. உங்கள் எண் அப்படியே இருக்கும், செலவும் குறையும்.

வாரண்டி இருக்கும் காருக்கு இன்னும் கவனம் தேவை. மாருதி சுசூகி 2024 ஜூலையிலிருந்து 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை என்று வாரண்டி தருகிறது. மற்ற பல கம்பெனிகளின் வாரண்டியும் இப்படி ஆண்டையும் கிலோமீட்டரையும் சேர்த்துத்தான் வரும். ஓடிய தூரத்தை உறுதி செய்ய முடியாவிட்டால் கம்பெனி கையை விரிக்க வழி பிறக்கும். வாரண்டிக் காலத்தில் மீட்டரை வெளியே கொடுத்து மாற்றவே மாற்றாதீர்கள்.

கரூர் வாசகர்: மீட்டர் மாற்றியதைச் சொன்னால் விலையைக் குறைப்பார்களே?

சொன்னால் கொஞ்சம் குறைப்பார்கள். சொல்லாமல் விட்டு அவர்களாகக் கண்டுபிடித்தால் வண்டியையே வேண்டாம் என்று போய்விடுவார்கள். காகிதத்தோடு சொல்லுங்கள், குறைப்பதும் பெரிதாக இருக்காது.

சென்னை, பெரம்பூர் வாசகர்: புதுப்பேட்டையில் இதே மாடலுக்கு ஒரு பழைய மீட்டர் கிடைத்தது. என் கார் 61,000 ஓடியது. வாங்கிய மீட்டர் 1,42,000 காட்டுகிறது. அப்படியே மாட்டலாமா?

மாட்டலாம், அதற்கு முன் சில சோதனைகள் பாக்கி இருக்கின்றன.

உங்கள் கார் எந்த வேரியண்டோ அதே வேரியண்டின் மீட்டர்தானா? பெட்ரோல் காருக்கு டீசல் மீட்டர் வந்து உட்கார்ந்தால் ஆர்.பி.எம். முள் தப்பாகக் காட்டும், சிவப்புக் கோடும் வேறு இடத்தில் இருக்கும். ஏர்பேக் இல்லாத கீழ் வேரியண்டின் மீட்டரை மேல் வேரியண்டில் மாட்டினால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கே இருக்காது. ஏர்பேக் பழுதாகிக் கிடந்தாலும் உங்களுக்குத் தெரியாமலே போகும். கிலோமீட்டர் எண்ணைவிட முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சில கார்களில் இம்மொபிலைசரும் மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. இன்னொரு வண்டியின் மீட்டரை மாட்டினால் சாவியை அடையாளம் தெரியாமல் என்ஜின் ஸ்டார்ட்டே ஆகாது.

இவையெல்லாம் சரியாக இருந்தால் எண்ணுக்கு வருவோம். மீட்டரில் 1,42,000, காரில் 61,000. மீட்டரை உங்கள் காரின் உண்மையான எண்ணுக்குக் கொண்டுவருவதில் தவறில்லை, அதை எழுத்தில் வைத்தால் மட்டும். செய்து தருபவரின் பில்லில் மூன்று எண்களும் இருக்கட்டும்: உங்கள் பழைய மீட்டரின் கடைசி எண், வாங்கிய மீட்டர் காட்டிய எண், இப்போது வைத்த எண். 61,000 ஓடிய காருக்கு 61,000 வைத்தால் அது திருத்தம். 40,000 வைத்தால் அது திருட்டு. மீட்டரை வாங்கிய கடையின் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

எண்ணைத் தொடவே வேண்டாம் என்று நினைத்தால் அப்படியே விட்டு, 81,000 கழித்துக் கணக்கிடலாம். ஆனால் அதைக் காலம் முழுக்க ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நானாக இருந்தால் பில்லோடு திருத்தி வைப்பேன்.

மதுரை வாசகர்: டிஸ்ப்ளே போய் சில மாதங்கள் அப்படியே ஓட்டினேன். அந்த நாட்களில் எவ்வளவு ஓடியது என்று எப்படிச் சொல்வது?

முதலில் நல்ல செய்தி. டிஸ்ப்ளே மட்டும் செத்து, உள்ளே எண்ணுவது நிற்காமல் இருந்திருக்கலாம். கணிப்பொறி ஸ்கேனரை மாட்டிப் படித்தாலோ, டிஸ்ப்ளேயைச் சரி செய்தாலோ முழு எண்ணும் வெளியே வந்துவிடும். பழைய போர்டைத் தூக்கிப் போடும் முன் இதைச் செய்யுங்கள்.

போர்டு முழுக்கச் செத்திருந்தால் மதிப்பீடுதான். கிடைக்கிற ஆதாரத்தையெல்லாம் கூட்டுங்கள். பெட்ரோல் பில், அல்லது கார்டில், யூ.பி.ஐ.யில் போட்ட கணக்கு: மொத்தம் 210 லிட்டர் போட்டிருந்து, உங்கள் கார் லிட்டருக்கு 16 கி.மீ. தருமென்றால் 3,360 கி.மீ. ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட் எடுத்தால் எந்த நாள் எந்தச் சுங்கச்சாவடியைத் தாண்டினீர்கள் என்பது வரிசையாக வரும். மதுரையிலிருந்து சென்னைக்கு எத்தனை தடவை போனீர்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். வீட்டிலிருந்து அலுவலகத்துக்குத் தினமும் போய்வரும் தூரம் உங்களுக்கே தெரியும்.

மூன்றும் ஏறக்குறைய ஒத்துவந்தால், மேல்பக்க எண்ணை எடுத்து, “மீட்டர் வேலை செய்யாத காலத்தில் சுமார் 3,500 கி.மீ., மதிப்பீடு” என்று தெளிவாக எழுதுங்கள். ‘மதிப்பீடு’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தெரிந்ததையும் ஊகித்ததையும் பிரித்து எழுதுகிறவரை வாங்குபவர் நம்புவார்.

இன்னொன்று. மீட்டர் செத்த வண்டியை மாதக்கணக்கில் ஓட்டக் கூடாது. வேகம் தெரியாது, சூடு தெரியாது, ஆயில் பிரஷர் விளக்கு எரிகிறதா என்றும் தெரியாது. ஆயில் இல்லாமல் ஓடி என்ஜின் பிடித்துக்கொண்டால், அதற்கு ஆகும் செலவு மீட்டர் செலவைவிடப் பல மடங்கு.

தஞ்சாவூர் வாசகர்: ஆர்.டி.ஓ. ஆபீஸில் இதைப் பதிய வேண்டுமா?

பதிய இடமே இல்லை. ஆர்.சி.யில் ஓடிய கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் கிடையாது. பெயர் மாற்றத்துக்குத் தரும் 29, 30 படிவங்களிலும் கிடையாது. என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் எல்லாம் கேட்கிற படிவம், வண்டியின் விலையைத் தீர்மானிக்கிற எண்ணைக் கேட்பதில்லை. இது பெரிய குறை. பெயர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் கிலோமீட்டரை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், மீட்டர் மோசடி பாதிக்கு மேல் அடங்கும் என்று நான் நம்புகிறேன்.

பெல்ஜியத்தில் 2006 முதல் பழைய கார் விற்கும்போது ‘கார்-பாஸ்’ என்ற சான்று கட்டாயம். அந்தக் கார் எந்தெந்த நாளில் எந்தெந்த கிலோமீட்டரில் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது என்பது அதில் வரிசையாக இருக்கும். ஜெர்மனியில் 2005 முதல் மீட்டரைத் திருத்துவதற்கே சிறைத் தண்டனை வரை போகும் தனிச் சட்டம் இருக்கிறது. நம் நாட்டில் மோசடிக்கான பொதுச் சட்டம்தான்.

ஆர்.டி.ஓ.வில் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஓடும் தூரத்தைப் பொறுத்துப் பிரீமியம் வாங்கும் பாலிசிகளுக்கு 2022 ஜூலையில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதி தந்தது. அந்த வகை பாலிசி எடுத்தவர்கள் மீட்டர் மாறிய அன்றே தெரிவித்துவிடுவது அவசியம். தெரிவிக்காமல் இருந்தால், கிளெய்ம் வரும்போது சர்வேயர் எழுதும் எண்ணும் உங்கள் பாலிசியில் உள்ள எண்ணும் முட்டிக்கொள்ளும்.

வேளச்சேரி வாசகி: பார்த்துவைத்த பழைய காரில், 2024 ஜனவரியில் மீட்டர் மாற்றிய பில் ஒழுங்காக இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

கிலோமீட்டரை நம்பலாம். நாளைப் பார்த்தால்தான் எனக்கு உறுத்துகிறது. மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது 2023 டிசம்பர் முதல் வாரம். அடுத்த மாதமே மீட்டர் மாறியிருக்கிறது. மீட்டர் வரை தண்ணீர் ஏறிய வண்டியா என்று கட்டாயம் பாருங்கள்.

பார்ப்பது எளிது. சீட் பெல்ட்டைப் பிடித்து முழுக்க வெளியே இழுங்கள். கடைசி ஓர் அடி வழக்கமாக ரீலுக்குள்ளேயே சுருண்டிருக்கும், கழுவுகிறவர்கள் அதுவரை போவதில்லை. அங்கே பழுப்பாக ஒரு நீர்க்கோடு இருந்தால் விஷயம் முடிந்தது. பிறகு டார்ச் அடித்து சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தைப் பாருங்கள், துருப் பிடித்த போல்ட்டுகள் காட்டிக்கொடுக்கும். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே ஒயர் சாக்கெட்டுகளில் பச்சை பூத்திருந்தால் நடையைக் கட்டுங்கள். அந்த ஆண்டின் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும், அதே மாதத்தில் வேறென்ன பாகங்கள் மாறின என்பதையும் கேளுங்கள். மீட்டர் மட்டும் மாறியிருந்தால் சாதாரணப் பழுது. மீட்டரோடு ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர், கார்ப்பெட் எல்லாம் மாறியிருந்தால் வெள்ளம்.

அமெரிக்கா, டல்லஸ் வாசகர்: இங்கே மீட்டர் மாற்றிய மெக்கானிக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறார். கட்டாயமா?

கட்டாயம். சட்டமே அப்படித்தான் சொல்கிறது, ஒட்டுங்கள். ஓடோமீட்டர் மோசடிக்கு எதிரான உங்கள் ஊர்ச் சட்டம் 1972-இல் வந்தது. மீட்டரை மாற்றினால் பழைய எண்ணே தொடர வேண்டும். அது முடியாவிட்டால் பூஜ்யத்தில் வைத்து, மாற்றுவதற்கு முன் இருந்த எண்ணையும் மாற்றிய நாளையும் எழுதி, இடது பக்கக் கதவுச் சட்டத்தில், அதாவது அங்கே டிரைவர் பக்கத்தில், ஒட்ட வேண்டும். ஒட்டுவது வண்டி உரிமையாளரின் பொறுப்பு. ஏமாற்றும் எண்ணத்தோடு அதைக் கிழிப்பதும் குற்றம்.

விற்கும்போது டைட்டிலில் கிலோமீட்டரை, உங்களுக்கு மைலை, எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மீட்டரில் இருப்பது உண்மையான மொத்தத் தூரம் இல்லையென்றால் அப்படியே குறிப்பிட அதில் இடம் இருக்கிறது. 2011 மாடலிலிருந்து வந்த வண்டிகளுக்கு இந்த விதி 20 ஆண்டு வரை பொருந்தும்.

நம்மூரில் இந்தச் சட்டம் இல்லை. வழக்கமாகக் கொள்ள யாரும் தடுக்கப் போவதுமில்லை. நம் டிரைவர் பக்கம் வலது. கதவைத் திறந்தால் டயர் காற்றழுத்த ஸ்டிக்கர் இருக்குமே, அதற்குப் பக்கத்தில் பழைய எண், நாள், பில் நம்பர் எழுதிய ஒரு ஸ்டிக்கரை ஒட்டி மேலே டேப் போட்டுவிடுங்கள். காகிதம் வீட்டில் இருக்கும், ஸ்டிக்கர் வண்டியோடு போகும். அடுத்த உரிமையாளருக்கும் அதற்கு அடுத்தவருக்கும் அது பேசும்.

யாழ்ப்பாணம் வாசகர்: ஜப்பானிலிருந்து வந்த வாகனம் ஒன்றைப் பார்க்கிறேன். ஏல அறிக்கையில் மீட்டர் மாற்றப்பட்டது என்று குறிப்பு உள்ளது. ஒதுக்கிவிடலாமா?

குறிப்பு இருப்பதற்காக ஒதுக்காதீர்கள். ஜப்பானியப் பழைய வாகனச் சந்தையில் மீட்டர் மாற்றிய வாகனம் வேறு, மீட்டர் திருத்திய வாகனம் வேறு. மாற்றியது என்றால் பழைய எண்ணும் புது எண்ணும் பதிவாகியிருக்க வேண்டும். அந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள்.

அங்கே தனியார் காருக்கு முதல் பரிசோதனை மூன்றாம் ஆண்டில், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அந்தச் சான்றிதழில் ஓடிய தூரமும் எழுதப்படுகிறது. ஏல அறிக்கையின் மூலப் பிரதி, பரிசோதனைச் சான்று, ஏற்றுமதிச் சான்று, இந்த மூன்றிலும் எண்கள் ஏறுவரிசையில் இருந்தால் தைரியமாகப் பேசலாம். 2025 பிப்ரவரியில் இலங்கையில் வாகன இறக்குமதித் தடை நீங்கிய பிறகு வாகனங்களுக்கு நல்ல கிராக்கி இருப்பதால், இடைத்தரகர் தரும் போட்டோகாப்பியோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

ஓசூர் வாசகர்: மின்சாரக் காருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

இன்னும் அதிகமாகப் பொருந்தும். நெக்ஸான் இ.வி.க்கு பேட்டரி வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. என்று வந்தது. காரின் மிக விலை உயர்ந்த பாகமே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் மட்டும் மாற்றுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

கிருஷ்ணகிரி வாசகர்: அரசு ஜீப் ஓட்டுகிறேன். மீட்டர் மாற்றியதும் லாக் புக்கில் எண் பின்னால் போய்விட்டது. தணிக்கையில் கேட்பார்களே?

கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். பதிலை இன்றே லாக் புக்கில் எழுதி வைத்துவிடுங்கள். பழைய மீட்டரின் கடைசிப் பதிவுக்குக் கீழே பக்கம் முழுக்க ஒரு கோடு போடுங்கள். அடுத்த வரியில்: “இன்று மீட்டர் போர்டு மாற்றப்பட்டது. பழைய மீட்டர் முடிவு இவ்வளவு. புதிய மீட்டர் தொடக்கம் இவ்வளவு. பில் எண், நாள்.” அந்த வரியில் அதிகாரி கையெழுத்துப் போடட்டும். வழக்கமான டிரிப் கையெழுத்தோடு கலக்க வேண்டாம்.

டீசல் கணக்கையும் சரிபாருங்கள். மாதத்தின் நடுவில் மாற்றியிருந்தால், அந்த மாத ஓட்டம் இரண்டு துண்டாக இருக்கும். இரண்டையும் கூட்டித்தான் லிட்டருக்கு எவ்வளவு என்று போட வேண்டும். புது மீட்டரில் ஓடியதை மட்டும் எடுத்தால் லிட்டருக்கு 4 கி.மீ. என்று வரும். டீசலை விற்றுவிட்டதாகப் பழி உங்கள் தலையில் விழும். ஒரு நேர்மையான டிரைவருக்கு அது நேரக் கூடாது.

விருதுநகர் வாசகி: ஸ்கூட்டரில் மீட்டர் கேபிள் அறுந்து ரொம்ப நாளாகிறது. அவசரமா?

பழைய ஸ்கூட்டரின் கேபிள் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. நாளைக்கே மாற்றுங்கள், மாற்றிய நாளை ஆயில் பில்லின் பின்னால் எழுதுங்கள். ஆயில் மாற்றுவதை அதுவரை மாதக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: பெரிய டயர் போட்டிருக்கிறேன். மீட்டர் சரியாகத்தானே காட்டும்?

குறைவாகக் காட்டும். மீட்டர் சக்கரம் சுற்றுவதைத்தான் எண்ணுகிறது. டயரின் சுற்றளவு 3 சதவீதம் கூடினால், மீட்டர் 1,00,000 காட்டும்போது கார் 1,03,000 ஓடியிருக்கும். டயர் மாற்றிய நாளும் கிலோமீட்டரும் சைஸும் உள்ள பில்லை வைத்திருங்கள்.

சேலம் வாசகர்: ஆட்டோ கன்சல்டிங்கில் 45,000 ஓடியது என்று கார் வாங்கினேன். பழைய ஷோரூமில் விசாரித்தால் இரண்டு வருடம் முன்பே 92,000. ‘மீட்டர் மாற்றினோம், அவ்வளவுதான்’ என்கிறார்கள். என்ன செய்வது?

கோபம் நியாயமானது. மீட்டர் மாற்றியிருந்தால் அதற்கு ஒரு பில், ஒரு நாள், ஒரு பழைய எண் இருக்கும். அந்த மூன்றையும் எழுத்துமூலம் கேளுங்கள். தர முடியாவிட்டால் ‘மாற்றினோம்’ என்பதற்கு மதிப்பில்லை. பில் இருந்தாலும், விற்கும்போது உங்களிடம் மறைத்தது தவறு தவறுதான்.

ஆதாரத்தை முதலில் சேருங்கள். ஷோரூமின் சர்வீஸ் ஹிஸ்டரியை எழுத்தில் வாங்குங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், டெலிவரி நோட், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். பிறகு நல்ல மெக்கானிக்கிடம் போய் ஓ.பி.டி. ஸ்கேனர் மாட்டச் சொல்லுங்கள். எரர் கோடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம் என்று ஒரு கணக்கை என்ஜின் கணினி தனியாக வைத்திருக்கும். அது 65,535 கி.மீ. வரை எண்ணும். மீட்டர் 45,000 காட்ட, அந்தக் கணக்கு 58,000 காட்டினால் பொய் அங்கேயே உடைந்துவிடும். குறைவாகக் காட்டினால் எதுவும் நிரூபணம் ஆகாது, நடுவில் யாராவது கோடு அழித்திருப்பார்கள். கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் உறை, டிரைவர் சீட்டின் ஓரம், இவற்றின் தேய்மானத்தைப் படமெடுங்கள்.

நோட்டீஸ் அனுப்பியும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்களுக்கு விற்றது வியாபாரி என்பதால் அந்த வழி திறந்தே இருக்கிறது. விவகாரம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசலாம். தனி ஆளிடம் வாங்கியவர்களுக்கு வழி சிவில் வழக்கும், மோசடி என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவில் போலீஸ் புகாரும்.

இதற்கிடையில் காரை இன்றே 92,000-க்கு மேல் ஓடிய காராக நினைத்துப் பராமரியுங்கள். டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் என்றால் முதல் வேலை அதுதான். 45,000-தானே என்று நம்பி ஓட்டிக்கொண்டிருக்கும்போது பெல்ட் அறுந்தால், பல என்ஜின்களில் பிஸ்டன் மேலேறி வால்வை அடித்து வளைத்துவிடும். நெடுஞ்சாலையில், லாரிக்கு முன்னால், குடும்பத்தோடு போகும்போது அது நடக்கலாம். மீட்டர் மோசடியை வெறும் பண மோசடி என்று யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான்.

ஈரோடு வாசகர்: பழைய மீட்டரை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டேன். வாங்கி வைக்க வேண்டுமா?

வாரண்டியில் மாற்றியிருந்தால் பழைய பாகம் கம்பெனிக்குப் போய்விடும், தர மாட்டார்கள். காசு கொடுத்து மாற்றியிருந்தால் அது உங்கள் பொருள், கேட்டு வாங்குங்கள். திரை செத்திருந்தாலும் உள்ளே சில்லில் உங்கள் எண் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். பிளாஸ்டிக் பையில் போட்டு, வண்டி நம்பர் எழுதி ஒட்டி, பில்லோடு வையுங்கள். விற்கும்போது அதையும் கொடுத்துவிடுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு மெக்கானிக்: மீட்டர் மாற்ற வரும் கஸ்டமர்கள் ‘அப்படியே ஒரு முப்பதாயிரம் குறைச்சு வெச்சிடுங்க’ என்கிறார்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போகிறார்கள். நான் என்ன செய்ய?

போகட்டும், அண்ணே. அந்த வண்டி மூன்று கை மாறி, விவரம் தெரியாத ஒருவரோடு மறுபடி உங்கள் கடைக்கே வரலாம். பெல்ட் மாற்ற இன்னும் நாளிருக்கிறது என்று அவர் சொல்லும்போது, உண்மை தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் பில் புத்தகத்தில் மீட்டர் வேலைக்கென்று இரண்டு கட்டம் அச்சடித்துவிடுங்கள்: பழைய மீட்டர் கி.மீ., புதிய மீட்டர் கி.மீ. கட்டம் அச்சிலேயே இருந்தால் கேட்பவருக்கும் வாய் வராது, மறுக்க உங்களுக்கும் தனியாகத் துணிச்சல் வேண்டியிருக்காது. பில்லின் நகலைக் கடையில் வைத்திருங்கள். இதைப் படிக்கும் ஒர்க்‌ஷாப்காரர்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த பில் புத்தகம் அடிக்கக் கொடுக்கும்போது அந்த இரண்டு கட்டங்களையும் சேர்த்து அடியுங்கள்.